முகம் காட்டாத ஆள்

— நீங்க கேமராவைப் போடாம இருந்ததே நல்லதாப் போச்சு மேடம். நான் சிரிப்பை மறைக்கக் காபிக் கோப்பையைத் தூக்க வேண்டியதாப் போச்சு. சத்தியமா சொல்றேன், இந்த ஆபீசுக்கு வந்ததுல இருந்து இப்படி ஒரு இன்டர்வியூ பாக்கல.

— வயசானவர் சார். விடுங்க.

— வயசைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. இத்தனை வருஷம் புரோகிராம் எழுதினவர். நான் கேட்டதுக்கெல்லாம் பட்டுப்பட்டுனு பதில் சொன்னார். கடைசி நிமிஷத்துல உங்களை இழுத்து உள்ள விட்டேன், நீங்க ஒரே ஒரு கேள்விதான் கேட்டீங்க. புரோகிராம்ல பேரன்ட் கிளாஸ்ல இருக்கறதை சைல்ட் கிளாஸ் எப்படி எடுத்துக்கும்னு. முதல் வருஷப் பிள்ளைங்க தூக்கத்துல சொல்லும். அதுக்குப் போய் வாயடைச்சு உக்காந்துட்டாரே மனுஷன்.

— என் மைக் சரியாக் கேட்டிருக்காது.

— கணீர்னு கேட்டுது. நீங்க பேசினதும் மூக்குக் கண்ணாடியைக் கழட்டினார். ஸ்கிரீன் கிட்ட வந்து பாத்தார். அப்புறம் பிடிச்சு வெச்ச சிலை மாதிரி ஆயிட்டார். நாம சிரிச்சது காதுல விழுந்திருக்கும், பாவம்.

— நீங்கதான் முதல்ல சிரிச்சீங்க சார்.

— ஒத்துக்கறேன். நீங்களும்தான சிரிச்சீங்க?

— ம். நானும்தான்.

— டை வேற கட்டியிருந்தார். வீட்டுல உக்காந்து பேசற இன்டர்வியூவுக்கு டை. பின்னாடி அலமாரிக் கதவு திறந்து, உள்ள இருக்கற போர்வையெல்லாம் தெரியுது.

— போதும் சார்.

— உங்க அப்பாவும் இதே லைன்தானே? பெரிய கம்பெனில டைரக்டர்னு சொன்னீங்களே. அவர்கிட்ட சொல்லிப் பாருங்க, விழுந்து விழுந்து சிரிப்பார்.

— சொல்றேன்.

— சரி, என்ன எழுதட்டும்? சத்தியமா சொல்றேன், எனக்கு அரை மனசு. அந்த ஒண்ணைத் தவிர மத்ததெல்லாம் நல்லாத்தான் சொன்னார். நீங்க சரின்னா அடுத்த ரவுண்டுக்கு அனுப்பலாம்.

— வேண்டாம் சார்.

— நிச்சயமாவா?

— அடிப்படையே தெரியலன்னு எழுதிடுங்க.

*

— என்ன பாப்பா, இன்னிக்கு வெளிச்சம் இருக்கறப்பவே வீடு வந்து சேர்ந்துட்ட?

— தலைவலிப்பா. நீங்க என்ன, இன்னும் டையைக் கழட்டாம உக்காந்திருக்கீங்க?

— அட, மறந்தே போச்சு. காலைல ஒரு இன்டர்வியூ. கிடைச்சா உன்கிட்ட சொல்லிக்கலாம்னு இருந்தேன்.

— எந்தக் கம்பெனிப்பா?

— ஏதோ ஒண்ணு. ஏஜென்சிக்காரன் கடைசி நேரத்துலதான் லிங்கே அனுப்பினான். நம்ம கம்பெனியை இழுத்து மூடினப்புறம், இனிமே பேர் பாத்தா ஏற முடியும்? வர்ற பஸ்ல தொத்திக்க வேண்டியதுதான்.

— எப்படிப் போச்சு?

— ஊத்திக்கிச்சு.

— ஏன்?

— ஒரு கேள்வில மாட்டிக்கிட்டேன். அது கிடக்கட்டும் விடு. தட்டு எடுத்து வைக்கவா?

— பசிக்கல. எத்தனை பேர் கேள்வி கேட்டாங்க?

— ரெண்டு பேர். ஒருத்தர் நல்ல மனுஷன், மரியாதையாத்தான் ஆரம்பிச்சார். இன்னொரு ஆள் முகமே காட்டல.

— முகம் காட்டாம பேசறது தப்புப்பா.

— தப்பென்ன? அவங்களுக்கு என்ன சங்கடமோ.

— அவங்க சிரிச்சது உங்களுக்கு...

— சிரிச்சாங்கன்னு நான் சொல்லலையே.

— இல்ல, சும்மா கேட்டேன்.

— சிரிச்சாங்க. கொஞ்சம். ரெண்டு பேருமே. அந்தக் கோலத்துல என்னைப் பாத்தா எனக்கே சிரிப்பு வந்திருக்கும்.

— அப்படிப் பேசாதீங்கப்பா.

— அது கிடக்கட்டும். நீ சொல்லு. உனக்கு இதுதானே சோறு போடுது. பேரன்ட் கிளாஸ்ல இருக்கறதை சைல்ட் கிளாஸ் எப்படி எடுத்துக்கும்?

— இப்போ எதுக்குப்பா அது?

— அடுத்த இடத்துலயும் கேட்டா? சொல்லு.

— பப்ளிக்னு போட்டிருந்தா யார் வேணா எடுத்துக்கலாம். புரொடெக்டட்னு போட்டிருந்தா சைல்ட் எடுத்துக்கலாம், கண்ட இடத்துல இருக்கற வெளியாளுக்குக் கிடையாது. பிரைவேட்னா சைல்டுகூட நேராத் தொட முடியாது.

— தொட முடியாதுன்னா, அது சைல்டுக்குள்ள இல்லவே இல்லையா?

— இருக்கும். பேரன்ட் ஒரு மெத்தட் எழுதி வழி விட்டிருந்தா, அது மூலமா வாங்கிக்கலாம்.

— சரி. பேரன்ட்ல இருக்கற மெத்தடையே சைல்ட் தனக்குத் தகுந்த மாதிரி மாத்தி எழுதிட்டா? பழையது அழிஞ்சுடுமா?

— அழியாது. சூப்பர்னு ஒரு வார்த்தை இருக்கே, அதைப் போட்டுக் கூப்பிட்டா ஓடும்.

— கூப்பிடலைன்னா?

— கூப்பிடலைன்னா... அது பாட்டுக்கு அங்கேயே இருக்கும்.

— நல்லாத்தான் சொல்ற. கன்ஸ்ட்ரக்டரை மட்டும் விட்டுட்ட. சைல்ட் உருவாகறப்ப பேரன்ட்டோடதுதான் முதல்ல ஓடும். நீ கூப்பிடலைன்னாலும் கம்பைலர் கூப்பிட்டுக்கும். பேரன்ட் ஏதாவது மதிப்பு வேணும்னு கேட்டா மட்டும், நீயே கூப்பிட்டுக் குடுக்கணும்.

— உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுதே.

— தெரியாம? இதை வெச்சுத்தானே உன்னைப் படிக்க வெச்சேன்.

— அப்புறம் ஏன்பா அங்க சொல்லல?

— வாய் வரல.

— அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.

— இப்போ வேண்டாம். முகம் கழுவிட்டு வா.

— இல்லப்பா, சொல்லித்தான் ஆகணும். ஆபீஸ்ல நீங்க இன்னும் டைரக்டரா இருக்கறதா நான்...

— அது தெரியும். உன் கூட வேலை பாக்கற பொண்ணு ஒண்ணு கடைத்தெருவுல பாத்துட்டு, ‘அங்கிள், உங்க கம்பெனில என் தம்பிக்கு ஒரு வேலை பாருங்க’ன்னு கேட்டுச்சு. நானும் பாக்கறேம்மான்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

— என்கிட்ட ஏன் கேக்கல?

— உள்ளதைச் சொல்ல எனக்கே நா எழல. உன்னை என்னன்னு கேக்கறது?

— இன்னிக்கு நான் செஞ்சது அதை விடக் கேவலம்பா. அந்த முகம் காட்டாத ஆள்...

— விடு பாப்பா.

— விட முடியாதுப்பா. உள்ள வந்து பாத்தா ஸ்கிரீன்ல நீங்க. என் கை மவுஸ் மேலயேதான் இருந்துது. ஒரு தடவை அமுக்கியிருந்தா என் முகம் வந்திருக்கும். அமுக்கல. எங்க சார் கேள்வி கேக்கச் சொன்னார், யாரோ மாதிரி கேட்டேன். அவர் சிரிச்சார், நானும் சிரிச்சேன். அடுத்த ரவுண்டுக்கு அனுப்பலாம்னு அவரே சொன்னார்ப்பா. அடிப்படையே தெரியலன்னு எழுதச் சொன்னது நான்.

— அது மட்டும் எனக்குத் தெரியாது.

— மட்டும்னா? மத்தது தெரியுமா?

— நீ வாயைத் திறந்ததுமே தெரியும். பெத்தவனுக்குக் குரல் தெரியாதா?

— அந்த அதிர்ச்சிலதான் பதில் மறந்து போச்சாப்பா?

— மறக்கல பாப்பா. ‘சார், இவர் எங்கப்பா’ன்னு நீ சொல்லுவன்னு காத்துக்கிட்டிருந்தேன்.