நகல் எடுக்க முடியாத சிடி

சிடியை ஓரத்தில்தான் பிடிக்க வேண்டும். எத்தனை தடவை சொன்னாலும் ஜனங்கள் எண்ணெய்க் கையோடு நடுவில் பிடிப்பார்கள். அப்புறம் படம் நின்று நின்று ஓடுகிறது என்று என்னிடமே வருவார்கள். வரட்டும் என்றுதான் நான் எடுத்த கல்யாண வீடியோ எல்லாவற்றிலும் பூட்டு வைத்தேன். போட்டுப் பார்க்கலாம், நகல் எடுக்க முடியாது. என் உழைப்பு, என் பூட்டு. இதில் தப்பு ஒன்றுமில்லை.

டீச்சரம்மாவும் கீறல் விழுந்த சிடியோடுதான் வந்தார். மகன் கல்யாணம். அந்த வருஷமே பையன் விபத்தில் போய்விட்டான். அவன் சிரித்துக்கொண்டே "அம்மா, நீயும் வந்து நில்லு" என்று கூப்பிடுவது அதில் மட்டும்தான் இருந்தது. புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். அதிலும் கீறல். பிறகு கடையிலேயே உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தார். டீ வாங்கி வைப்பேன். நான் தனிக்கட்டை. சேர்ந்து பார்த்துப் பார்த்து அவன் எனக்கும் பிள்ளை மாதிரி ஆகிவிட்டான்.

அவருடைய மகளைக் கட்டியவருக்குக் கம்ப்யூட்டர் வேலை. பூட்டை உடைத்து நகல் எடுத்துவிட்டு என்னிடமே வந்து சொன்னார்.

"காசு குடுத்து வாங்கினதுதானே அண்ணே. எங்க வீட்டுக்குன்னு ஒண்ணு எடுத்து வச்சுக்கக் கூடாதா? அத்தை எத்தனை நாள் இங்க அலைவாங்க?"

நியாயமான கேள்வி. "வச்சுக்கோங்க தம்பி" என்றேன்.

அதோடு டீச்சரம்மா வரவில்லை. எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன். போன் போட்டு, நகல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துத் தருகிறேன், அசல் சிடி, நகல் சிடி இரண்டையும் கொண்டு வாருங்கள் என்றேன். நம்பிக் கொடுத்தார். பின்னறையில் உப்புத்தாளால் இரண்டையும் தேய்த்துவிட்டு, "உங்க மருமகன் கை வச்சதுல படமே போச்சும்மா" என்றேன். என்னிடம் இருந்ததும் அழிந்துபோனதாகச் சொன்னேன். தேற்றுவதற்கு நான் இருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் மருமகனுக்குப் போன் போட்டார். "அழாதீங்க அத்தை, கம்ப்யூட்டர்ல ஒண்ணு பத்திரமா இருக்கு" என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது.

மருமகன் வீட்டில் கம்ப்யூட்டரை மட்டும் தனியாக எரிக்க எனக்கு வழி தெரியவில்லை. உள்ளே ஆள் இருந்தது தெரியுமா என்று கேட்கிறீர்கள். வாசலில் இரண்டு ஜோடி செருப்பு கிடந்தது. கதவை வெளியே தாழிட்டது பழக்கதோஷம்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு நாள் டீச்சரம்மா தானாகவே வந்தார். தேடிப் பார்த்ததில் கிடைத்தது என்று மகன் படத்தைப் போட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மகள் கல்யாணத்தையும் நான்தான் எடுத்திருந்தேன். இப்போது இரண்டையும் பார்க்கத் தினமும் வருகிறார்.

எல்லாம் சொல்லிவிட்டேன், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். சாயங்காலம் மட்டும் என்னைக் கடைக்கு விடுங்கள். பாவம், என்னை விட்டால் அந்த அம்மாவுக்கு யார் இருக்கிறார்கள்?