எண்பத்தொம்பதாம் வருச மிக்ஸி

— தெய்வான, அந்தத் துணிய மொதல்ல உருவு! மிக்ஸிய வெறும் மேடை மேலதான் வெக்கோணும். துணி மேல வெச்சா அடியில காத்து போவாது, மோட்டார் சூடேறும். ரூல்னா ரூல்.

— அட போங்க மாமா, இப்ப ஓட்டவா போறேன்? கடைக்காரங்க வர்ற வரைக்கும் தூசு படாம இருக்கட்டும்னு போட்டேன்.

— பொண்ணு பாக்க வர்றப்போ பொண்ணத் துணி போட்டு மூடியா வெப்பாங்க? ஜார எடு, பாக்கறேன். வாஷரு காஞ்சிருச்சா?

— காஞ்சிருச்சு. கவுத்துத்தான் வெச்சேன். கழுத்தச் சுத்திப் பழைய பிரஷ்ல தேச்சேன். பிளேடுக்குக் கல்லுப்புப் போட்டு நாலு சுத்து ஓட்டுனேன். இனிப் பூ வெச்சு உடறதுதான் பாக்கி.

— வெய்யி, வெய்யி! இன்னிக்கு வெக்காம என்னிக்கு வெக்கறது? உங்கப்பன் எண்பத்தொம்பதுல நம்ம கல்யாணத்துக்குச் சீர் குடுத்த மிக்ஸி. பாத்திர மாளிகைக்காரங்க பொன்விழாவுக்கு, அவங்க கடையில வாங்குனதுல ரொம்ப வருசமா ஓடறது எதுன்னு ஈரோடு பூராத் தேடுனாங்க. நூத்தி நாப்பது பேரு எழுதிப் போட்டாங்க. கடைசியா நிக்கறது ரெண்டே ரெண்டு. நாம, அப்பறம் அந்தப் பவானிக்காரம்மா.

— அந்தம்மாளுது தொண்ணூத்தொண்ணுதானுங்களே.

— அதத்தான் சொல்றேன்! பில்லுல இருக்கற நம்பரும் மிக்ஸியில இருக்கற நம்பரும் ஒத்துப் போச்சுன்னா சோலி முடிஞ்சுது. ஞாயித்துக்கெழம நாம்போயி மேடையேறறேன். மைக்கப் புடிக்கறேன். பேசறேன்!

— மாமா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? அந்தம்மாளுக்கே உட்டுக் குடுத்தர்லாமுங்க. பாவம், வயசானவங்க.

— நா என்ன எளவட்டமா? ஏம்புள்ள, மில்லுல முப்பத்திரண்டு வருசம் மிசினு பழுது பாக்கற பிட்டரா இருந்தேன். மிசினு ஓடுனா மேனேஜருக்கு மாலை, நின்னா எனக்கு மெமோ. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நல்லாப் பாத்துக்கிட்டீங்க நாச்சிமுத்துன்னு எவனாச்சும் சொல்லியிருப்பானா? இப்பத்தான் சொல்லப் போறாங்க. வாசல்ல பாரு, தெருவே சேர் போட்டு உக்காந்திருக்குது.

— நீங்கதான் தண்டோரா போட்டுட்டு வந்தீங்களே. இத்தன பேரு முன்னால இது தேவையா?

— தேவைதான். மேடையில பேசப் போற பேச்சக் கேளு. "பெரியோர்களே, தாய்மார்களே! ஜாரில் பாதிக்கு மேல் போடாதீர். தேங்காயைச் சில்லுச் சில்லாக நறுக்காமல் போடாதீர். சூடாக எதையும் போடாதீர். ஒரு நிமிடம் ஓட்டினால் ஒரு நிமிடம் ஓய்வு கொடுப்பீர். நின்றுவிட்டால் பதறாமல் அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை..."

— இத்தன சொல்றீங்களே, அதுல ஒரு நாளாச்சும் ஒரு சட்னி அரச்சிருக்கீங்களா?

— நா எதுக்கு அரைக்கோணும்? நீ ஆப்பரேட்டர், நா மெயின்டனன்ஸ்.

— ஆமாமா. கையி வலிக்கறது ஆப்பரேட்டருக்கு, மைக்கு மெயின்டனன்சுக்கு.

— வந்துட்டாங்க, வந்துட்டாங்க! வாங்க அம்மணி, வாங்க!

— வணக்கமுங்க சார். பாத்திர மாளிகை சர்வீஸ்ல இருந்து வர்றேன், பர்வீன். அப்பா! வாசல்ல இவ்வளவு கூட்டத்தப் பாத்துட்டு ஏதோ விசேச வீட்டுக்கு வந்துட்டேன்னு நெனச்சேன். மாப்பிள்ளை இவருதானுங்களா? பூவெல்லாம் வெச்சிருக்கீங்க!

— ஓட்டிப் பாருங்க அம்மணி. தெய்வான, தேங்காச் சில்லு எடு. தண்ணிய மொதல்ல ஊத்து. மூடி மேல கைய வெய்யி. ம், இப்பப் போடு!

— அல்லா! சத்தமே இல்லீங்களே சார்! போன மாசம் எங்க கடையில எறங்குன புது மிக்ஸி இதவிடக் கத்துது. கப்ளர் தேயல, ஜார் ஒழுகல. யாரு பாத்துக்கறது?

— நாந்தான்!

— நானுந்தானுங்க.

— கரெக்ட்டுங்க, ரெண்டு பேருந்தான். அக்கா, சட்னி மாதிரியே இல்ல, வெண்ணெய் மாதிரி வந்திருக்கு. சரி, நம்பரப் பாத்து எழுதிக்கிட்டா முடிஞ்சுதுங்க. கொஞ்சம் சாய்க்கறேன். அட! தகட்டுல ஒண்ணுமே தெரியலையே. யாரோ கம்பி நாரு போட்டுச் சுரண்டுன மாதிரி இருக்கு. புது மினுமினுப்பு.

— சுரண்டியிருக்கா? யாரு சுரண்டுனது? தெய்வான!

— அழுக்கா இருந்துச்சு மாமா. காலையில தேச்சேன்.

— முப்பத்தஞ்சு வருசமாத் தேய்க்காதவ இன்னிக்கா தேய்ப்ப? கவுத்திட்டயே புள்ள!

— பதறாதீங்க சார். உள்ள மோட்டார் மேலயும் அதே நம்பர் குத்தியிருக்கும். அடி மூடியக் கழட்டுனா தெரிஞ்சுரும். நாலு ஸ்குரூதான்.

— கழட்டறதா? அம்மணி, அது வேண்டாமே. அதயத் தெறந்தா பொறவு... காத்து போயிரும்.

— மிக்ஸிக்கு என்னங்க சார் காத்து?

— மாமா சொல்றது சரி கண்ணு. தெறக்க வேண்டாம்.

— என்னங்க இது? தெருவக் கூப்புட்டு உக்கார வெச்சுட்டு ரெண்டு பேருமே வேண்டாங்கறீங்க! ரிப்பேர் பாத்திருந்தாக்கூடத் தப்பில்லீங்க, போட்டியில அதெல்லாம் உண்டு. எங்க கடையில வித்த அதே மிக்ஸியா இருக்கோணும், அவ்வளவுதான்.

— அதானே கண்ணு ஒதைக்குது. மாமா, இப்பிடி வாங்க. கதவச் சாத்துங்க. வாசல்ல இருக்கறவங்க காதுல உழுக வேண்டாம்.

— என்ன புள்ள? சாத்திட்டேன், சொல்லு.

— இது அந்த மிக்ஸி இல்லீங்க மாமா.

— என்னது?

— தொண்ணூத்தி நாலு, பதினெட்டாம் பெருக்கு அன்னிக்கு. ஒறம்பரை சனம் எல்லாம் வந்திருந்தாங்க. உங்க அக்கா முன்னால வெச்சு நீங்க சொன்னீங்க, மாமனாரு ஊட்டுல இருந்து வந்ததுலயே ஒழுங்கா ஓடறது இந்த மிக்ஸி ஒண்ணுதான்னு. எல்லாருஞ் சிரிச்சாங்க. நானும் எலையப் போட்டுக்கிட்டே சிரிச்சேன்.

— தெய்வான...

— சொல்லி முடிச்சர்றேனுங்க. நீங்க ஷிப்டுக்குப் போனதும் வெரலி மஞ்சள ஜார் நெறையக் கொட்டுனேன். ஒடைக்கக்கூட இல்ல. கல்லு மாதிரி இருந்துச்சு. மூணுல வெச்சு அமுத்திப் புடிச்சேன். சிவப்புப் பொத்தான் ரெண்டு தடவ தட்டி உட்டுச்சு. ரெண்டு தடவையும் திரும்ப அமுத்தி ஓட்டுனேன். பொகை வந்துச்சு. அப்பவும் நிறுத்தல.

— அக்கா! வெரலி மஞ்சளா!

— ஆமா கண்ணு. பொறவு பயந்துட்டேன். சின்னச்சாமி மெக்கானிக்கு கிட்டத் தூக்கிட்டு ஓடுனேன். உள்ள எல்லாங் கருகிப் போச்சு, தேறாதுன்னுட்டான். அங்கயே போட்டுட்டு வந்துட்டேன். எங்கண்ணன் பெருந்துறையில இருந்து இதே கலர்ல, இதே மாடல்ல ஒண்ணு வாங்கியாந்து வெச்சுது. நீங்க கண்டுக்கல. அத்தன வருசமும் நீங்க அதயத் தொடைச்சுத் தொடைச்சுப் பெரும பேசறப்பெல்லாம் எனக்கு உசுரு போயி உசுரு வரும். மன்னிச்சுக்கோங்க மாமா. வாசல்ல இருக்கறவங்ககிட்ட மிக்ஸி நின்னுபோச்சுன்னு சொல்லிருங்க.

— அம்மணி, ஸ்குரூட்ரைவரு வெச்சிருக்கீங்களா?

— எங்கிட்ட ஏதாச்சும் பேசுங்க மாமா. திட்டவாச்சும் செய்யுங்க.

— எடுங்க அம்மணி. கழட்டுங்க.

— சார், இப்ப எதுக்குங்க? அக்காதான்...

— கழட்டுங்கன்னு சொல்றேனில்ல? ஏனுங்க, அந்த மூடிய மட்டும் எங்கையில குடுத்துருங்க.

— சரிங்க சார். ஒண்ணு, ரெண்டு, மூணு... இந்தா வந்திருச்சு. உள்ள எவ்வளவு சுத்தமா இருக்கு! நம்பரு... நாலு, ஏழு, ஒண்ணு, ஆறு, ரெண்டு. பில்லக் காட்டுங்க. நாலு, ஏழு, ஒண்ணு, ஆறு... ரெண்டு! அக்கா! இதேதாங்க அக்கா! எங்க கடையில வித்த அதே மிக்ஸி!

— அது எப்படி? கண்ணு, இன்னொருக்காப் பாரு. கருகிப் போச்சே, என் கண்ணால பாத்தேனே!

— பாத்துட்டேங்க. ஆனா மோட்டார்ல இருக்கற செப்புக் கம்பிக் காயில் கம்பெனியில சுத்துனது இல்ல. யாரோ கையில சுத்தியிருக்காங்க. அடேங்கப்பா, சுத்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம!

— மாமா?

— சின்னச்சாமி யாரு? எங்கூட மில்லுல வேல பாத்துட்டு வெளிய போயிக் கடை போட்டவன். நீ இந்தப்பக்கம் வந்ததும் அந்தப்பக்கம் மிக்ஸியத் தூக்கிட்டு மில்லு கேட்டுக்கே வந்துட்டான். ஜாருல ஒடைக்காத மஞ்சளப் பாத்ததுமே எனக்கு வெளங்கிப் போச்சு. மூணு நாளு சாப்பாட்டு நேரத்துல உக்காந்து சுத்துனேன். நீ தண்ணி புடிக்கப் போனப்ப மாத்தி வெச்சேன்.

— அப்ப எங்கண்ணன் வாங்கியாந்த புதுசு?

— உன்ற தங்கச்சிக்குத் தை மாசத்துல சீர் வெச்சமே, மூத்த மாப்பள புது மிக்ஸியே வாங்கியாந்துட்டாருன்னு உங்க சனமே மெச்சுச்சே... அதுதான்.

— அட மனுசா! எங்கண்ணன் மிக்ஸிய எந்தங்கச்சிக்கே குடுத்துப் பேரு வாங்குனீங்களா! ஒரு வார்த்த எங்கிட்டக் கேட்டிருக்கக் கூடாதா? முப்பது வருசம்! முப்பது வருசம் நா செத்துச் செத்துப் பொழச்சிருக்கேன்!

— கேட்டா, மஞ்சள ஏன் போட்டேன்னு நீ சொல்லோணும். நா அன்னிக்குப் பேசுன அந்தப் பேச்ச உன் வாயால மறுக்காக் கேக்கற தெம்பு எனக்கில்ல புள்ள. அம்மணி, அந்த மூடியக் குடுங்கன்னு சொன்னேனே?

— இருங்க சார், உள்பக்கம் பெயின்டுல வரிசையா ஏதோ எழுதியிருக்கு. தேதி, வேலை, காரணம்னு கட்டம் போட்டு.

— மில்லுல மிசினு நின்னா அப்பிடித்தான் எழுதி வெக்கோணும், அந்தப் பழக்கந்தான். அதெல்லாம் படிக்க வேண்டாம், குடுங்க இங்க!

— நீ படி கண்ணு. தொண்ணூத்தி நாலப் படி.

— "தேதி: ஆடி இருபத்திரண்டு. வேலை: காயில் புதிதாகச் சுற்றியது. காரணம்: ஆப்பரேட்டர் மீது தவறில்லை. பிட்டரின் வாய்."