கீலுக்குள் இருப்பது

மடக்குக் கத்தி வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் அலகைத்தான் பார்க்கிறார்கள். கட்டைவிரலைக் குறுக்கே வைத்துத் தடவுகிறார்கள், வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறார்கள், பிறகு விலை கேட்கிறார்கள். அதில் தப்பில்லை, வெட்டப்போவது அலகுதானே. ஆனால் தினமும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் கத்தி என்றால் பார்க்க வேண்டியது கீலை. அலகும் கைப்பிடியும் சேர்கிற இடம் அது. அங்கேதான் எல்லாம் போய்த் தங்குகிறது.

உங்கள் மேசையில் பிளாஸ்டிக் உறைகளில் கிடக்கிற இரண்டையும் பாருங்கள், ஐயா. இரண்டும் கறுப்பு. மடக்கினால் இரண்டும் ஒரே நீளம். கடைக்காரரே எடுத்துக் காட்டும்போது ஒருமுறை மாற்றிச் சொல்லிவிட்டார். வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். ஒன்றின் கீலில் திருகாணி இருக்கிறது. கழற்றினால் அலகு தனியாக, கைப்பிடி தனியாக வந்துவிடும். சோப்புப் போட்டுத் தேய்த்து, துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மறுபடி பூட்டலாம். இன்னொன்றில் ரிவிட் அடித்திருக்கிறார்கள். தலைகீழாக நின்றாலும் அதைத் திறக்க முடியாது.

"வெட்டுறதுல ரெண்டும் ஒண்ணுதாண்ணே. எதைக் கட்டட்டும்?" என்றார் கடைக்காரர்.

"ரெண்டையும்" என்றேன்.

"ரெண்டா? அண்ணனுக்கு எதிரிங்க ஜாஸ்தி போல" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கு எதிரி என்று யாரும் கிடையாது. ஒன்று எனக்கு, ஒன்று என் மாமனாருக்கு.

நான் குளிர்கிடங்கில் சரக்குப் பெட்டிகளைப் பிரிக்கிறவன். இறைச்சி, மீன், பழம் எல்லாம் அட்டைப்பெட்டியில் வரும். கட்டுக் கயிற்றை அறுத்து, ஒட்டுநாடாவைக் கீறி, பெட்டியைத் திறந்து தர வேண்டும். கத்தி எனக்கு இன்னொரு விரல். அதை நான் நன்றாக வைத்துக்கொள்வேன். வீட்டுக்கு வந்ததும் கழுவித் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டுத்தான் சட்டையைக் கழற்றுவேன்.

மாமா எங்களோடுதான் இருந்தார். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். சர்க்கரை நோய். பாதங்கள் இரண்டும் மரத்துப் போயிருந்தன. செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரியாமல் நடந்து வருவார். பாதத்தின் அடியில் கால் ஆணிகள். சாயங்காலம் நான் வந்ததும் கை நீட்டுவார்.

"என்ன மாப்ளே, கத்தியைக் கேட்டா கிட்னியைக் கேட்ட மாதிரி பாக்குறீங்க?"

கூடத்தில் செய்தித்தாளை விரித்து, காலைத் தூக்கி மறுகாலின் மேல் போட்டு, என் கத்தியால் ஆணியைச் சீவுவார். அந்தச் சீவல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். மஞ்சள் மெழுகு மாதிரி இருக்கும். ஓரத்தில் கொஞ்சம் ஈரம். செருப்புக்குள்ளேயே நாள் முழுக்கப் புழுங்கிய வாடை. கத்தி நுனியில் ஒட்டிக்கொண்டதை வாயால் ஊதுவார். போகாவிட்டால் தொடையில் தேய்ப்பார். அதே கையோடு, அதே கத்தியால், என் மகளுக்கு ஆப்பிள் நறுக்குவார். அவளும் வாயைத் திறந்துகொண்டு தாத்தாவின் மடியில் சாய்ந்திருப்பாள்.

என் மனைவி சொல்லாமல் இல்லை. "அப்பா, கால்ல கத்தியே வைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னார்ல?"

"டாக்டருக்கா ஆணி இருக்கு? எனக்குல்ல இருக்கு."

"அப்ப கழுவிட்டாவது பழத்தை நறுக்குங்க."

"அடிப்போடி, உன்னையும் இப்படித்தான் வளர்த்தேன். நீ என்ன செத்தா போயிட்ட?"

அவள் சிரித்துவிடுவாள். அந்த வீட்டில் அவர் பேசினால் எல்லோரும் சிரித்துவிடுவார்கள். நான் மட்டும் எழுந்து போய்க் குழாயடியில் நிற்பேன்.

ஒருநாள் பழைய கத்தி இறுகிவிட்டது. அதுவும் ரிவிட் அடித்ததுதான். கிடங்கில் உளியும் சுத்தியலும் வாங்கி, ரிவிட்டைச் சீவிப் பிரித்துப் பார்த்தேன். எந்தப் பொருளும் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பதில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. உள்ளே பழச்சாறு காய்ந்து பிசினாகி இருந்தது. அந்தப் பிசினில் கால் ஆணியின் மஞ்சள் சீவல்கள் அடுக்கடுக்காகப் பதிந்திருந்தன. ஒரு நகத்துணுக்கு. ஒரு முடி. கத்தியை ஒவ்வொரு முறை விரிக்கும்போதும் அலகின் அடிப்பகுதி அதில் உரசித்தான் வெளியே வரும். நான் குழாயில் கழுவியதெல்லாம் வெறும் அலகை. என் மகள் தின்ற ஒவ்வொரு துண்டும் அதைத் தொட்டுக்கொண்டுதான் போயிருக்கிறது. அங்கேயே வாந்தி எடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் கடைக்குப் போனேன். திறந்து கழுவக்கூடியது எனக்கு. திறக்க முடியாதது அவருக்கு. சுத்தம் பார்க்கிறவனுக்கு ஏற்ற கத்தி, பார்க்காதவருக்கு ஏற்ற கத்தி. இதுவரை நான் செய்ததில் யாரும் குறை சொல்ல முடியாது என்று நினைக்கிறேன்.

கொடுப்பதற்கு முன் அவருடையதைக் கொஞ்ச நாள் கிடங்கில் வைத்திருந்தேன். தரையில் வடிகால் குழி ஒன்று உண்டு. கிழிந்த பெட்டிகளிலிருந்து ஒழுகும் இரத்தநீர் எல்லாம் அதில்தான் இறங்கும். அதன் மூடியைத் தூக்குவதற்கு எங்களில் யாரும் முன்வர மாட்டார்கள். கைப்பிடியின் ஓட்டையில் நீல நைலான் கயிற்றைக் கட்டி, கத்தியை அதற்குள் தொங்கவிட்டேன். மரத்துப்போன காலுக்கு வலி தெரியாது. சர்க்கரைக்காரர் காலில் புண் ஆறாது. இதையெல்லாம் டாக்டர் எங்கள் எல்லோருக்கும்தான் விளக்கிச் சொன்னார். கவனமாகக் கேட்டது நான் ஒருவன்.

என்னோடு வேலை பார்க்கிற ஒருவனை 'டேப்' என்று கூப்பிடுவோம். ஒட்டினால் விடமாட்டான். அவன் மட்டும் பார்த்துவிட்டான்.

"என்னடா, கத்தியை ஊறுகாய் போடுறியா?"

"துரு பிடிக்குதான்னு பாக்குறேன்" என்றேன்.

"பொண்டாட்டி திட்டினா இப்படியெல்லாம் ஆராய்ச்சி வரும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வெளியே எடுத்தபோது கையுறை போட்டிருந்தேன். வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்து, அலகைப் பளபளவென்று ஆக்கினேன். கயிற்றின் முடிச்சு ஊறி இறுகிவிட்டது, அவிழ்க்க வரவில்லை. அறுத்திருக்கலாம். ஆனால் அறுக்க என் கத்திதான் இருந்தது. அந்தக் கயிற்றில் என் கத்தி படுவதை நினைக்கவே முடியவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

கத்தியை ஒரு பெட்டியில் போட்டு மாமாவிடம் கொடுத்தேன். பிரித்ததும் என் மனைவியைக் கூப்பிட்டார். "பாருடி, மாப்ளே எனக்குன்னு வாங்கியிருக்கார். தொலைஞ்சிடக் கூடாதுன்னு கயிறுகூடக் கட்டியிருக்கார் பாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். கத்தியை மூக்கருகே கொண்டு போனார். "புதுசுல ஒரு மாதிரி வாசம் அடிக்குது."

"எண்ணெய் மாமா" என்றேன்.

அப்புறம்தான் நான் எதிர்பார்க்காததைச் சொன்னார். "இதையா அந்த நாறக் காலுக்கு வைக்கிறது? இது பாப்பாவுக்குப் பழம் நறுக்க மட்டும். காலுக்கு உங்க பழைய கத்தி மாதிரி உங்களோட புதுக் கத்தியே போதும் மாப்ளே."

என் மனைவி கைகொட்டிச் சிரித்தாள். "அப்பாவுக்கு இப்பதான் புத்தி வந்திருக்கு."

சாப்பாட்டு மேசையில் பேரிக்காய் இருந்தது. மாமா தன் கத்தியை விரித்தார். கீல் லேசாகக் கரகரத்தது. அந்தச் சத்தம் எனக்கு மட்டும் கேட்டிருக்கும். என் மனைவி ஒரு தரம் வாங்கிக் கழுவிக் கொடுத்தாள், அலகை மட்டும். முதல் துண்டு பாப்பாவுக்குப் போனது. இரண்டாவதை என்னிடம் நீட்டினார்.

"எனக்கு வேண்டாம் மாமா."

"மாப்ளே வாங்கின கத்தி மாப்ளே வாய்க்கே ஆகலியே" என்று கண்ணடித்துவிட்டு, அதையும் பாப்பாவுக்கே கொடுத்தார்.

இந்த இடத்தில் நீங்கள் முகத்தைச் சுளிக்கிறீர்கள். எனக்கு அது புரிகிறது. நான் ஏன் தட்டிவிடவில்லை என்று கேட்பீர்கள். தட்டிவிட்டிருந்தால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். அதன் பிறகு கால் ஆணி, செய்தித்தாள், ஊதுகிற வாய் எல்லாம் பழையபடி இருக்கும்; வீட்டில் இல்லாமல் போவது நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அது நியாயமாகப் படவில்லை.

பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. வாந்தி, வயிற்றுப்போக்கு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுருண்டு கிடந்தாள். மாமா இரவெல்லாம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பேரிக்காய் சரியில்லை என்று நான் சொன்னேன், எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அவள் பிழைத்துக்கொண்டாள். சின்னப் பிள்ளைகளின் உடம்பு சீக்கிரம் தேறிவிடும்.

அவள் வீட்டுக்கு வந்தபோது நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். ஒரே மாதிரியான இரண்டு கத்திகளை ஒரே வீட்டில் வைத்திருந்தது பிசகு. எந்தக் கத்தி எந்த வேலைக்கு என்று குழப்பம் வருகிறது. இரண்டில் ஒன்று வீட்டை விட்டுப் போக வேண்டும். அடுத்த நாள் காலை ஒன்றை எடுத்துக்கொண்டு போய்க் கிடங்கில் என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

என்னுடையதை.

சாயங்காலம் மாமா வழக்கம்போலக் கை நீட்டினார். "கத்தி எங்க மாப்ளே?"

"வேலை இடத்துல வெச்சுட்டேன் மாமா."

"அப்ப காலுக்கு?"

"உங்க கத்திதான் இருக்கே" என்றேன்.

அவ்வளவுதான் நான் பேசியது. செய்தித்தாளை நானே விரித்துக் கொடுத்தேன். அவர் கொஞ்சம் தயங்கினார், புதுக் கத்தி அழுக்காகிவிடுமே என்று. பிறகு சீவினார். ஒரு இடத்தில் ஆழமாகப் போய்விட்டது, இரத்தம் வந்தது. அவருக்குத் தெரியவில்லை, பேசிக்கொண்டே இருந்தார். நான் பார்த்தேன். கத்தியைத் தொடையில் தேய்த்து மடக்கினார்.

அப்புறம் நடந்தது உங்கள் கோப்பில் இருக்கிறது. விரல் கறுத்தது. பாதம் அழுகியது. வீடு முழுக்க அந்த நாற்றம். புண்ணுக்குப் போட்ட கட்டை நான் மாற்றவில்லை. என் மனைவிதான் மூக்கைக்கூடப் பொத்தாமல் மாற்றினாள். காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்கு மேலே. அப்புறம் எடுப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

துக்கம் கேட்க டேப் வந்தான். அலமாரியில் மாமாவின் மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் அந்தக் கத்தி இருந்தது. நீலக் கயிற்றைப் பிடித்துத் தூக்கினான். மனிதர்களைத் தேற்றத் தெரியாதவன். ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்திருப்பான்.

"டேய், இது நீ வடிகால்ல ஊறுகாய் போட்ட கத்திதானே? இன்னும் கயித்தைக்கூட அவுக்கலியா?"

என் மனைவி அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு யாராவது என்றால் அந்த முடிச்சை அறுத்தெறிந்திருப்பார்கள், ஐயா. சுத்தம் பார்க்கப் போய்த்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

அவர் கத்தியால் அவரேதான் காலை அறுத்துக்கொண்டார் என்று வக்கீல் சொல்லச் சொல்கிறார். நான் அப்படிச் சொல்லப் போவதில்லை. நான்தான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள். ஏன் என்ற இடத்தில் மகளுக்காக என்று எழுதுங்கள். அந்தக் கை அவள் வாய்ப்பக்கம் போவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அப்பாவைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. "பாப்பா அந்தப் பேரிக்காயைத் தின்னப்ப, நீங்க எதிர்லதானே உக்காந்திருந்தீங்க?"

ஆமாம் என்றேன். அவளிடம் நான் பொய் சொன்னதில்லை. நானும் அப்போது பேரிக்காய்தான் தின்றுகொண்டிருந்தேன் என்றேன். அவள் ஒன்றும் புரியாமல் பார்த்ததால் விளக்கிச் சொன்னேன். எனக்கான பழத்தை நான் தனியாக எடுத்து, என் கத்தியில், கீலைக் கழற்றிக் கழுவிப் பூட்டிய பிறகுதான் நறுக்கிக்கொண்டேன். அந்த விஷயத்தில் நான் அவ்வளவு கவனமான ஆள்.