இருநூற்றுப் பதினான்கு வாசல்களுக்கு எச்சரிக்கை எழுதியவருக்கு

கணினிக் கூடத்தின் காவலரே! கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அறை முழுக்க அதைத் தேடும் எங்கள் மூத்தவரே! முணுமுணுத்துக்கொண்டே முப்பத்தொரு ஆண்டுகளும் முழு வேலை பார்த்த, நாங்கள் உரிமையோடு 'பலகை அண்ணன்' என்று அழைக்கும் அன்பரே! தாங்கள் விடைபெறும் இந்நாளில், தங்களை எதிரே உட்கார வைத்து இம்மடலை வாசிக்கிறோம்.

எங்களில் பாதிப் பேர் மூட்டை சுமந்தவர்களின், கல் உடைத்தவர்களின் பிள்ளைகள். வியர்த்தால்தான் வேலை என்று வளர்ந்தவர்கள். பல் தந்தியடிக்கும் ஏ.சி. குளிரில், இரைகின்ற இயந்திரங்களுக்கு நடுவே, கம்பளிச் சட்டையும் மப்ளருமாகத் தாங்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, 'இதெல்லாம் ஒரு வேலையா' என்று முதலில் நினைத்தவர்கள். அப்படி நினைத்ததற்கு இன்று வெட்கப்படுகிறோம்.

தாங்கள் வந்தபோது இங்கே இருந்தவை மூன்றே யூனிக்ஸ் சர்வர்கள். உள்நுழையும் திரையில் 'நல்வரவு' என்று காட்டி, தம் பெயர் என்ன, எந்தப் பதிப்பு என்பதையெல்லாம் வருகிறவன் போகிறவனிடம் கேட்காமலேயே ஒப்பித்துக்கொண்டிருந்தன. "திருடன் வந்தா நாற்காலி போட்டு உக்கார வைக்கும் போலிருக்கே!" என்று சிரித்தீர்கள். நல்வரவை அழித்தீர்கள், பதிப்பு எண்ணை அழித்தீர்கள். இது நிறுவனத்தின் கணினி, அனுமதி பெற்றவர் மட்டும் நுழையலாம், செய்வதெல்லாம் பதிவாகும், மீறினால் நடவடிக்கை உண்டு என்று நான்கே வரியில் எச்சரிக்கைப் பலகை எழுதினீர்கள்; பெயரும் அதிலிருந்தே ஒட்டிக்கொண்டது. அந்த நான்கு வரிக்காகச் சட்டப் பிரிவோடு நான்கு வாரம் சண்டை! அவர்கள் அனுப்பியது இரண்டு பக்கம். "பாஸ்வேர்டு அடிக்கிற அவசரத்துல ரெண்டு பக்கத்த எவன் சார் படிப்பான்?" என்று தாங்கள் போட்ட சத்தம் மூன்றாம் மாடி வரை கேட்டது.

ஆனாலும் இன்று எங்கள் நெஞ்சில் நிற்பது தங்களின் பதினோராம் ஆண்டு. அப்போது சர்வர்கள் நாற்பது. தணிக்கைக்கு முன்பு ஒவ்வொன்றின் எதிரிலும் உட்கார்ந்து, திரையில் எச்சரிக்கை வருவதைப் பார்த்து, படிவத்தில் நாற்பது டிக் போட்டுக் கையெழுத்திட்டீர்கள். கோப்புகளை டேப்பில் காப்பு நகல் எடுக்கும் எங்கள் டேப் அக்கா, தன் மேசையிலிருந்தபடி பதினொன்றாம் சர்வருக்குள் போக நினைத்து, கை தவறிப் பதினேழு என்று அடித்துவிட்டார். நகல் எடுப்பவர்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல், கதவு திறந்துகொண்டது. அங்கே இருந்தவை ஊழியர்களின் அந்தரங்கக் கோப்புகள். இரண்டைத் திறந்த பிறகே இடம் தவறியது புரிந்து வெளியே வந்தார். தணிக்கையில் அது அகப்பட்டது. எச்சரிக்கையைப் படித்துவிட்டே நுழைந்தார் என்று வேலைநீக்க உத்தரவு தயாரானது.

"எனக்கு எந்த எச்சரிக்கையும் வரல சார். திரை சும்மா கறுப்பாத்தான் இருந்துச்சு."

"டிக் போட்டிருக்கும்மா, பாரு!" என்று மேலாளர் தங்கள் கையெழுத்தைக் காட்டினார்.

தாங்கள் போய்ப் பார்த்தீர்கள். இயந்திரத்தின் எதிரிலேயே உட்கார்ந்து நுழைவது ஒரு வாசல். தொலைவிலிருந்து வலையமைப்பு வழியாக நுழைவது இன்னொரு வாசல். எச்சரிக்கையை இரண்டிலும் தனித்தனியே இயக்க வேண்டும். பதினேழில் இரண்டாம் வாசலுக்கான வரியின் தலையில் ஒரு ஹாஷ் (#) குறி உட்கார்ந்திருந்தது. அது இருந்தால் இயந்திரம் அந்த வரியைச் சட்டை செய்யாது. எடுக்க மறந்தவர் தாங்கள். அடுத்த திங்கட்கிழமை தலைமைப் பொறுப்புக்கான நேர்காணல். பட்டியலில் இருந்ததோ தங்கள் பெயர் ஒன்றுதான். ஒரு விசையைத் தட்டினால் அந்தக் குறி போய்விடும். யாருக்கும் தெரியப்போவதில்லை.

தாங்கள் தட்டவில்லை. மேலாளரையும் தணிக்கையாளரையும் கையோடு கூட்டிவந்து, டேப் அக்காவின் நாற்காலியில் மேலாளரை உட்கார வைத்து, பதினேழுக்குள் நுழையச் சொன்னீர்கள். திரை கறுப்பாக நின்றது.

"என்னய்யா இது? நீ எழுதினதுதானே?"

"எழுதினது நான்தான் சார். ஓட விடாததும் நான்தான். இந்தப் பக்கத்துலேருந்து பார்க்காமலே டிக் போட்டதும் நான்தான். அந்தம்மா சொன்னது நிஜம்."

உத்தரவு கிழிக்கப்பட்டது. நேர்காணலுக்குத் தங்களை யாரும் அழைக்கவில்லை. தங்களுக்கு ஆறு ஆண்டு பின்னால் சேர்ந்தவர் தலைவரானார். தாங்கள் அவருக்குக் கீழே அதே நாற்காலியில் இருபது ஆண்டுகள் இருந்தீர்கள். மேடையில் மறைத்துப் பேசுவது எங்களுக்கு வராது. "வலிக்காம என்ன, நல்லாவே வலிச்சுது" என்று ஒரே ஒருமுறை, தேநீர் இடைவேளையில், தாங்களே சொன்னீர்கள். உடனே பேச்சை மாற்றிவிட்டீர்கள்.

அதன்பிறகு தணிக்கை வந்தாலே படிவத்தோடு எங்கள் மேசைக்கே வந்துவிடுவீர்கள். "எந்திரிங்க, ரெண்டு நிமிஷம்!" ரெண்டு நிமிஷம் என்பது முக்கால் மணி நேரம். எங்கள் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு சர்வராக நுழைந்து, நான்கு வரியையும் எங்களைச் சத்தமாகப் படிக்கச் சொல்வீர்கள். "பள்ளிக்கூடமாண்ணே இது?" என்று அலுத்துக்கொள்வோம். "படிச்சாத்தான் டிக்" என்பீர்கள். இன்று சர்வர்கள் இருநூற்றுப் பதினான்கு. அத்தனையையும் ஒரே நிமிடத்தில் சோதிக்கும் மென்பொருள் வந்துவிட்டது. வரும் தணிக்கைக்கு எங்களை எழுப்ப ஆள் வராது. அலுத்துக்கொண்ட அந்த முக்கால் மணி நேரத்துக்கு இப்போதே மனம் ஏங்குகிறது.

ஓயாது உழைத்த உத்தமரே! அடித்துப் பிடித்து ஓடாத காலைகளும், ஆறிப்போகாத தேநீரும், அலைபேசி அலறாத மதியங்களும், அண்ணியாரோடு அளவளாவும் மாலைகளும் தங்களுக்கு ஆண்டாண்டாய் நீளட்டும்! முழங்கால் வலி முற்றும் விலகட்டும்!

இம்மடலில் முதல் கையெழுத்து யாருடையது என்பதில் எங்களுக்குள் பேச்சே எழவில்லை. அந்த நாளுக்குப் பிறகும் இங்கேயே பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்து, இரு பிள்ளைகளையும் ஆளாக்கி, சென்ற ஆண்டு இதே கூடத்தில் முழு மரியாதையோடு ஓய்வு பெற்றவர், இரண்டு பேருந்து மாறி வந்து போட்டிருக்கிறார்.

என்றும் தங்கள்,
டேப் அக்கா
மற்றும் கணினிக் கூட ஊழியர்கள் அனைவரும்