நாமக்கல் வண்டி

கடலோரத்தில் ஓடிய காரை எங்கள் ஊரில் யாரும் வாங்க மாட்டார்கள். மரக்காணத்தில் ஒரு பழைய வண்டி விலைக்கு வந்தால், விலை கேட்பதற்கு முன் எல்லோரும் குனிந்து அடியைத்தான் பார்ப்பார்கள். உப்புக்காற்று மேல் பெயின்ட்டை விட்டுவிடும், அடித்தகட்டைத் தின்னும். கோட்டக்குப்பத்துக்கும் மரக்காணத்துக்கும் ஆறு வருடம் ஓடிய வண்டியில் காலை அழுத்தி வைத்தால் ரோடு தெரியும் என்பார்கள். அதனால் கொஞ்சம் யோசிக்கிறவர்கள் உள்மாவட்டத்துக்குப் போய் வாங்குவார்கள். சேலம், நாமக்கல், ஈரோடு. கடல் பார்க்காத வண்டி என்பார்கள்.

நானும் என் மனைவி சிவசங்கரியும் நாமக்கல்லுக்குப் போனோம். அந்த வண்டியைப் பார்த்துக் கொடுத்த மெக்கானிக் சடையப்பன், நான்கு மாதமாக ஜாமீன் நிபந்தனைப்படி தினமும் காலை பத்து மணிக்கு உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுகிறார். அவர் செய்யாத ஒன்றுக்காகப் போடுகிறார். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். வேறு காரணம் இல்லை.

சங்கரியை நான் திண்டிவனத்தில் ஒரு கோச்சிங் சென்டரில் பார்த்தேன். இருவரும் குரூப் ஃபோருக்குப் படித்துக்கொண்டிருந்தோம். நான் பி.எஸ்சி. வேதியியல், அவள் பி.காம். அறிவியல் பகுதி அவளுக்கு வராது. நான்தான் சொல்லிக்கொடுத்தேன். கல்யாணம் செய்துகொண்ட பிறகும் ஒரே மேசையில் உட்கார்ந்து படித்தோம். மூன்றாவது முறை எழுதியபோது அவளுக்குக் கிடைத்தது. எனக்கு இரண்டு கேள்வியில் போனது. ரிசல்ட் வந்த அன்று அவள் அழுதாள், எனக்காக. தனக்குக் கிடைத்ததற்குச் சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவள் தாலுகா ஆபீசில் இளநிலை உதவியாளர் ஆனாள். நான் ஒரு உப்பு வியாபாரியிடம் லாரி லோடு எழுதும் வேலைக்குப் போனேன். பட்டா விஷயமாக வீட்டுக்கு வருகிறவர்கள் என்னிடம், "மேடம் இருக்காங்களா தம்பி?" என்பார்கள். நான் உள்ளே போய்ச் சொல்வேன். என் அப்பா இருசப்பன் முப்பது வருடமாக உப்பளத்தில் கூலி. என்னைப் படிக்கவைத்தது அவர். ஆனால் டீக்கடையில் அவர் சொல்வது, "எம்மருமவ கவர்மென்ட்டு" என்றுதான்.

எனக்குப் பொறாமை இருந்ததில்லை. அடுத்தவரிடம் இருப்பது தனக்கு வேண்டும் என்று நினைப்பதுதான் பொறாமை. எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. அவளிடம் அது இல்லாமல் இருந்தால் போதும் என்று சில நாட்களில் தோன்றும். அது வேறு.

கார் வாங்கலாம் என்றது அவள்தான். டிரைவிங் ஸ்கூலில் இருவரும் ஒன்றாகச் சேர்ந்தோம். டெஸ்ட்டில் அவளுக்கு ஒரு தடவை, எனக்கு இரண்டு. ஆபீசில் ஒருவர் மூலம் நாமக்கல்லில் ஒரு வெள்ளைக் கார் இருப்பது தெரிந்தது. எட்டு வருடம் ஓடியது, ஒரே கை. சனிக்கிழமை பஸ்ஸில் போய் லாட்ஜில் தங்கி, ஞாயிறு காலை எட்டு மணிக்கு புரோக்கரின் கொட்டகைக்குப் போனோம். ஆர்.சி. சங்கரி பெயருக்கு மாற வேண்டும் என்பதால் அவள் ஆபீஸ் அறையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் வெளியே வண்டிக்குக் கீழே மொபைல் டார்ச்சை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். துரு இல்லை. அடித்தகடு அப்படி ஒரு சுத்தம்.

சடையப்பன் அங்கேதான் வந்தார். ஐம்பது வயதிருக்கும். என் முழங்கையைப் பிடித்துத் தள்ளி அழைத்துப்போனார்.

"தம்பி, ஒண்ணு சொல்றனுங்க, மனசுல வெச்சுக்கோங்க. சைலன்சர் பைப்பு விரிசல் உட்டிருக்குது. மேல வண்டித் தரையில ரெண்டு ரப்பர் மூடியும் இல்லீங்க, பொக உள்ள ஏறும். இன்னைக்கு ஞாயித்துக்கெழம, வெல்டிங் பட்டறை லீவு. தகட்டச் சுத்திக் கம்பி போட்டிருக்கறேன். ஊருக்குப் போனதும் மொத வேலையா பத்த வெச்சிருங்க. ஓட்டறப்ப கண்ணாடிய எறக்கி உட்டுக்கோங்க. நிப்பாட்டி வெச்சு ஏசி போட்டுட்டு மட்டும் யாரும் உள்ள உக்காரக் கூடாது."

நான் தலையாட்டினேன்.

"மேடத்துக்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லிடறனுங்க."

"நான் சொல்லிக்கிறேன்" என்றேன்.

சங்கரி சாவியோடு வெளியே வந்தாள். மற்றவர்கள் முன்னால் என்னை 'ஏங்க' என்றும், தனியாக இருக்கும்போது பெயர் சொல்லியும் கூப்பிடுவாள்.

"ஏங்க, என்னா சொன்னாரு?"

"ஐயாயிரம் கிலோமீட்டர்ல ஆயில் மாத்தணுமாம்."

"அதுக்கா இவ்ளோ நேரம் பேசினு இருந்தீங்க?"

"அவ்ளோதான்."

அப்போது என் மனதில் எந்தத் திட்டமும் இல்லை. சேலம் தாண்டியதும் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. பல வருடங்களில் முதல் முறை. அதை உடனே எடுத்துக் கொடுத்துவிட மனம் வரவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் என்னிடமே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அவள்தான் ஓட்டினாள். நன்றாக ஓட்டினாள். ஆத்தூர் தாண்டியதும் வெயில் ஏறியது. "கண்ணாடிய ஏத்திட்டு ஏசி போடலாமா பிரகாஷ்?" என்று கேட்டாள். "வேணாம், காத்து நல்லா வருது" என்றேன். அதுவரை நான் அவளைப் பாதுகாத்துக்கொண்டுதான் வந்தேன். இதையும் நீங்கள் பதிவு செய்ய வேண்டும்.

உளுந்தூர்பேட்டையில் சாப்பிட நிறுத்தினோம். ஓட்டல் வாசலில் இரண்டு வேன்களுக்கு நடுவில் ஒரு சின்ன இடம்தான் இருந்தது. அவள் ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினாள். விசில் ஊதிக்கொண்டிருந்த வாட்ச்மேன் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"மேடம், செம்ம. சார், நீங்க ஓட்டக் கத்துக்கலையா?"

"அண்ணா, அவருதான் எனக்கு வாத்தியாரு" என்றாள் சங்கரி.

"வாத்தியாரு ஏன் சார் லெஃப்ட்ல உக்காந்துனு இருக்காரு?"

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். எனக்காகப் பொய் சொன்னாள். எனக்காக அழுதது போலவே. சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்ததும் மறுபடி ஏசி கேட்டாள். "போட்டுக்கோ" என்றேன்.

திண்டிவனம் வரும்போது அவளுக்குத் தலைவலி வந்துவிட்டது. விடியற்காலையில் எழுந்தது, வெயில், பசி நேரம் தாண்டிச் சாப்பிட்டது என்று அவளே காரணம் சொன்னாள். "நீ ஓட்டு, நான் கொஞ்சம் படுக்கிறேன்" என்று பின்சீட்டில் துப்பட்டாவை முகத்தின் மேல் போட்டுக்கொண்டு படுத்தாள். அது எந்தத் தலைவலி என்று எனக்குத் தெரியும். என் பக்கக் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி வைத்துக்கொண்டேன்.

"நேரா உப்பளத்துக்குப் போ. மாமாவத்தான் மொதல்ல ஏத்தணும்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "வந்ததும் எழுப்பு" என்றாள்.

உப்பளத்தில் காலையில் ஒரு முறை இறங்குவார்கள். வெயில் தாழ்ந்ததும் மறுபடி இறங்குவார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூன்றரை மணி. மேட்டுப்பாதையில் வண்டியை நிறுத்தினேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஏசியை அணைத்தால் விழித்துவிடுவாள். அதனால் இன்ஜினை ஓடவிட்டு, என் பக்கக் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு இறங்கினேன். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன்.

வரப்பில் நடந்து அப்பாவிடம் போய் இரண்டு நிமிடத்தில் திரும்பியிருக்கலாம். அப்படித்தான் போனேன். அப்பா உப்பு வாருகிற பலகையை ஊன்றிக்கொண்டு, கண்ணுக்கு மேல் கையை வைத்து வண்டியைப் பார்த்தார்.

"சங்கரி ஓட்டிக்கினு வந்துச்சா?"

"நான்தான் ஓட்டிக்கினு வந்தேன்."

"அதுக்கு என்னா ஆச்சு?"

"தலைவலி. படுத்துனு இருக்குது."

"எழுப்பாத. பாவம், வாரம் பூரா வேல. இந்தப் பாத்திய முடிச்சிட்டு வர்றேன், இரு."

வரப்பில் இன்னொரு பலகை கிடந்தது. பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு அதை எடுத்தேன். பக்கத்துப் பாத்தியில் இருந்த கொளஞ்சியம்மாள் அக்கா சிரித்தார். "ஏம்பா இருசப்பா, உம்புள்ள எறங்குறான் பாரு."

"டேய், காலேஜ் காலுடா. அறுத்துக்கப் போவுது" என்றார் அப்பா. ஆனால் தடுக்கவில்லை.

பத்து வருடம் ஆகியிருக்கும் நான் பாத்தியில் இறங்கி. முதல் பாத்தியில் மூச்சு வாங்கியது. இரண்டாவதில் கை பழகிவிட்டது. மூன்றாவதில் நிமிர்ந்து பார்த்தேன். வெள்ளை வண்டி உப்புக் குவியல்களோடு குவியலாக நின்றது. உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. அப்பா என் பாத்தியைப் பார்த்துவிட்டு, "பரவால்லடா, கை மறக்கல" என்றார். அவர் என்னைப் பாராட்டிய வேறொரு நாள் எனக்கு நினைவில்லை. நான்காவது பாத்தி முடிந்ததும் அவர் பலகையைச் சாய்த்து வைத்தார்.

"இன்னும் ரெண்டு வாரிடலாம்பா" என்றேன். அதைச் சொன்னது நான்.

"அந்தப் பொண்ணு?"

"தூங்கட்டும்."

ஆறு பாத்தி. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கிளம்பும்போது அப்பா வாய்க்காலில் காலையும் கையையும் இரண்டு முறை கழுவினார். புது வண்டியில் உப்பு ஒட்டக்கூடாது என்றார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பின் கண்ணாடியில் விரலால் தட்டினார்.

"யம்மா சங்கரி, மாமா வந்துட்டேன்."

மறுபடி தட்டினார். அவர் மூன்றாவது முறை தட்டும்போது நான் கதவைத் திறந்தேன். திறந்துவிட்டு, உள்ளே இருக்கும் காற்று போகட்டும் என்று ஓரடி தள்ளி நின்றேன். அதை அவர் கவனிக்கவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். பிரேதப் பரிசோதனையில் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு என்று வந்தது. வண்டியைப் பரிசோதித்தவர் குழாய் விரிசலைக் கண்டுபிடித்தார். ஓட்டையான வண்டியை ஏமாற்றி விற்றதாகப் புரோக்கர் மேலும் சடையப்பன் மேலும் வழக்கு. புரோக்கர் தனக்குக் கமிஷன் மட்டும்தான் என்று சொல்லி முன்ஜாமீன் வாங்கிக்கொண்டார். சடையப்பன், புருஷனிடம் சொன்னேன் என்றார். அப்படி எதுவும் சொன்னதாக நினைவில்லை என்று நான் உங்களிடம் எழுதிக் கொடுத்தேன். மனைவி செத்து ஒன்பது நாள் ஆன ஒருவனை யாரும் இரண்டாவது முறை கேட்பதில்லை.

தினமும் கையெழுத்துப் போட வேண்டியிருந்ததால் சடையப்பன் நாமக்கல்லை விட்டு இங்கேயே ஒரு லாரி ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே படுத்துக்கொள்கிறார். ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்து, "சாப்டீங்களா தம்பி?" என்று கேட்டார்.

பணியில் இறந்தவரின் வாரிசுக்குக் கருணை அடிப்படையில் வேலை உண்டு. நானாகக் கேட்கவில்லை. சங்கரியின் ஆபீசிலிருந்து கலியபெருமாள் சாரே வீட்டுக்கு வந்து விண்ணப்பம் எழுதிக்கொடுத்தார். போன வாரம் பார்த்தபோது, "போலீஸ் ரிப்போர்ட் ஒண்ணுதான் தம்பி பாக்கி. அது வந்துட்டா ஃபைல் மேல போயிடும்" என்றார். பிறகு, "ஆனா மேடம் மாதிரி வராதுப்பா. அவங்க கை வச்சா ஃபைல் நிக்காது" என்றார். நான் இன்னும் அந்த நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

நேற்று நீங்கள் எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்தீர்கள். என்னை, அப்பாவை, சடையப்பனை. வழக்கை முடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது என்றீர்கள். உங்கள் நோக்கத்தில் குறை சொல்ல மாட்டேன்.

"ஏம்பா ஜெயப்பிரகாஷ், அவரு சொல்லித்தான் இருக்காரு. உனக்கு மண்டையில ஏறல. வண்டி வாங்குற சந்தோஷத்துல அது சகஜம். 'சொன்னார், எனக்குப் புரியவில்லை'ன்னு ஒரு வரி எழுதிக் குடு. அவரும் ஊர் போய்ச் சேருவாரு, உன் வேலையும் கிடைச்சுடும்."

சடையப்பன் அழுதார். "தம்பி மேல தப்பில்லீங்க. நான் அந்தப் புள்ளகிட்ட நேரா சொல்லியிருக்கோணும். ஒரு தடவ சொன்னா அது புடிச்சுக்கும்னு பாத்ததுமே தெரிஞ்சுதுங்க. ஆள் தெரியாம தம்பிகிட்டச் சொல்லிப்போட்டேன்."

அப்பாவும் தலையாட்டினார். "ஆமாங்க சார். மருமவளா இருந்தா டக்குனு புரிஞ்சிருக்கும். இவனுக்கு இதெல்லாம் தெரியாதுங்க."

மூன்று பேரும் என்னை இரக்கத்தோடு பார்த்தீர்கள். யோசித்து எழுதி வா என்று ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து அனுப்பினீர்கள்.

அந்த ஒரு வரியை என்னால் எழுத முடியாது. அது பொய். சடையப்பன் எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னார். நான் மறைத்தேன். கண்ணாடியை ஏற்றியது நான், இன்ஜினை ஓடவிட்டது நான், ஆறு பாத்தி வரைக்கும் காத்திருந்தது நான். கொன்றேன் என்ற சொல் வேண்டும் என்றால் அதையும் எழுதுகிறேன். நான்தான் கொன்றேன். வேலை போகும், நான் ஜெயிலுக்குப் போவேன், அப்பா என் முகத்தில் விழிக்க மாட்டார். தெரியும். சடையப்பனை இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் அறிக்கையில் எங்கேயும் எனக்குப் புரியவில்லை என்று எழுதாதீர்கள். அவர் பாதி சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. சங்கரிக்கு இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருந்திருக்கும்.