ரசமட்டத்தில் நின்ற வண்டி

டிரெய்லர் இழுக்கப் பிக்கப் வண்டி வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் எஞ்சினைத்தான் பார்க்கிறார்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு மஞ்சள் வில்லை ஒட்டியிருக்கும். இந்த வண்டி தன் முதுகில் எவ்வளவு பாரம் தாங்கும் என்று அதில் போட்டிருக்கும். குனிந்து அதைப் படிக்கிறவர் ஆயிரத்தில் ஒருவர். நீங்கள் சின்ன வயது, அதிகாரி. என்றைக்காவது ஒரு டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றலாம் என்று ஆசை வந்தால் முதலில் அந்த வில்லையைப் படியுங்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறேன்.

என் பெயர் அர்வில்லா. நெப்ராஸ்காவில் ஒரு பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்தே என் இளமை போயிற்று. உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும் “ஒண்ணும் வலிக்காது” என்று சொல்ல வேண்டும், அதற்குத்தான் சம்பளம். என் கணவர் டெல்பர்ட் ஓய்வு பெற்ற கையோடு வீட்டை விற்று, வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கிற ஒரு டிரெய்லர் வீடு வாங்கினார். இரண்டு வருஷம் சுற்றிப் பார்ப்போம், அப்புறம் குளியல் தொட்டி வைத்த ஒரு சின்ன வீடு வாங்கலாம் என்றார். அது ஆயிற்று பதினோரு வருஷம்.

டிரெய்லரில் குடியிருப்பது எப்படி என்று கேட்டீர்களானால், ஒரு குளிர்பெட்டிக்குள் குடும்பம் நடத்துவது போல என்று சொல்வேன். குளிக்கிற இடத்தில் முதுகுக்குச் சோப்புப் போட வேண்டுமானால் முழங்கையைக் கதவுக்கு வெளியே நீட்ட வேண்டும். பக்கத்து டிரெய்லர்க்காரர் அதைப் பார்த்து வணக்கம் சொல்வார். படுக்கை விரிக்கிறதென்றால் அதன் மேலேயே தவழ்ந்து போய், விரித்து முடித்ததும் அதற்குள்ளேயே மாட்டிக்கொள்வேன். டெல்பர்ட்டின் குறட்டையில் கரண்டிகள் ஒவ்வொன்றாக ஆணியிலிருந்து இறங்கிவிடும். எழுந்ததும் ஜன்னலைத் திறந்து பார்த்துத்தான் இது எந்த மாநிலம் என்று தெரிந்துகொள்வேன். சில நாள் பார்த்த பிறகும் தெரியாது. ரொம்பக் களைத்துப் போய்விட்டேன், அதிகாரி. கோபமெல்லாம் என்றைக்கோ தீர்ந்துவிட்டது. களைப்பு மட்டும் தீரவில்லை.

எங்கள் கூட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. முகாமுக்கு யாராவது புதிதாக வந்து டிரெய்லரைப் பின்னோக்கி விட ஆரம்பித்தால் மற்ற ஆண்கள் மடக்கு நாற்காலியோடு வந்து எதிரே உட்கார்ந்துவிடுவார்கள். சர்க்கஸ் வந்தால்கூட அவ்வளவு கூட்டம் சேராது. வண்டி நின்றதும் எழுந்து போய், பிக்கப்பையும் டிரெய்லரையும் இணைக்கிற கொக்கியைச் சுற்றி நின்று தீர்ப்புச் சொல்வார்கள். எந்தப் பிக்கப், கொக்கியில் எந்த அளவு உருண்டை, பாரத்தைப் பகிர்கிற கம்பிகளை எந்தச் சங்கிலிக் கண்ணியில் மாட்டியிருக்கிறான், எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. டெல்பர்ட் இந்த நீதிபதிகளுக்கெல்லாம் தலைமை நீதிபதி. கொக்கியைப் பற்றி அவர் பேசக் கேட்டே ஒரு காக்கை மனம் வெறுத்து மெக்சிகோவுக்குப் போய்விட்டது.

இந்தக் கோடை முடிகிற சமயம், அரிசோனாவில் மலைமேல் ஃபிளாக்ஸ்டாஃப் பக்கத்து முகாமில் இருந்தபோது எங்கள் பழைய பிக்கப் உட்கார்ந்துவிட்டது. இனிமேல் ஊர் சுற்ற முடியாது என்று நான் சந்தோஷப்பட்டது ஒரு மத்தியானம்தான். சாயங்காலமே புது வண்டி வாங்குவதைப் பற்றிப் பேச்சு ஆரம்பித்துவிட்டது. பக்கத்து டிரெய்லரில் ஹாய்ட் என்று ஒருவர், வாழ்நாள் முழுக்கச் சரக்கு லாரி ஓட்டியவர். எங்கள் டிரெய்லரின் நீளத்துக்கும் கனத்துக்கும் ஒரு சுற்றுப் பெரிய பிக்கப்பாக வாங்குவதுதான் சரி என்று அவர் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். டெல்பர்ட்டுக்கு மனம் போனது சின்னதின் மேல். சிவப்பு நிறம், மெத்தென்ற இருக்கை. எஞ்சின் இழுக்கும் இழுப்புக்கு ஒரு தேவாலயத்தையே பெயர்த்துக்கொண்டு போகலாம் என்று விற்பனைக்காரன் சொல்லியிருந்தான்.

டெல்பர்ட் சந்தேகப்படாத ஆள் என்று நினைக்காதீர்கள். கடையில் கதவைத் திறந்து அந்த வில்லைக்கு முன்னால் குனிந்தார். ஆனால் மூக்குக் கண்ணாடி போட மாட்டார். போட்டால் கிழவன் ஆகிவிடுவாராம். மேலே பறக்கிற கழுகின் இறகை எண்ணுகிற கண், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற எழுத்தைப் பார்க்க மறுத்துவிடும்.

“அர்வி, எவ்ளோ போட்டிருக்கான் பாரு கண்ணு.”

ஆயிரத்து நூற்றிருபது பவுண்டு என்று போட்டிருந்தது. நான் ஆயிரத்து எண்ணூற்றிருபது என்று படித்தேன்.

அப்போது என் மனதில் இருந்தது ஒன்றுதான். சின்ன வண்டி, முதல் மேட்டிலேயே மூச்சு வாங்கும், இவரும் சலித்துப்போவார், எங்காவது ஒரு ஊரில் இறங்கிவிடலாம். இதில் யாருக்கு என்ன கெடுதல், சொல்லுங்கள்.

டிரெய்லரின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சட்டத்தை நாங்கள் நாக்கு என்போம். அதுதான் பிக்கப்பின் வாலில் உள்ள கொக்கியில் போய் உட்காரும். அந்த நாக்கில் தேவையான பாரம் இருந்தாக வேண்டும். அதிகமானால் பிக்கப்பின் வால் தாழ்ந்து முகம் தூக்கிக்கொள்ளும். குறைந்தாலோ பார்வைக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். சாலையில் வேகம் பிடித்த பிறகுதான் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். நாய் ஆட்டுகிற வாலாட்டம் இல்லை. இதில் வால் நாயை ஆட்டும்.

புது வண்டியில் டிரெய்லரை முதன்முதல் மாட்டியபோது நாற்காலிகள் எல்லாம் வந்துவிட்டன. சிவப்பு வண்டி பின்னால் அமுங்கி, முகம் வானத்தைப் பார்த்தது.

ஹாய்ட் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: “யோவ் டெல்பர்ட், ஆட்டுக்குட்டி முதுகுல அண்டாவ ஏத்தின மாதிரி இருக்குய்யா. பாவம், அது கடவுளப் பார்த்து வேண்டிக்கிட்டு நிக்குது.”

அன்று முழுக்க முகாமில் சிரிப்பு. போகிறவர் வருகிறவர் எல்லாம் வண்டிக்கு முன்னால் நின்று கை கூப்பிவிட்டுப் போனார்கள். டெல்பர்ட் சாப்பிடவில்லை. அவருக்கு மனைவி சிரித்தால் பரவாயில்லை. அந்த நாற்காலிகள் சிரிக்கக் கூடாது.

“முன்னாடி இருக்கிற கல்லை எல்லாம் கொஞ்சம் பின்னாடி தள்ளி வையேன், அர்வி. எனக்கு இடுப்பு ஒத்துழைக்க மாட்டேங்குது” என்றார்.

கல் என்றது அவருடைய கற்கள். பாலைவனத்தில் பொறுக்கிச் சேர்த்த வண்ணக் கற்கள், பாதிக்கு மேல் வெறும் சாதாரணக் கல்தான். அவர் பொறுக்கியதில் அரிசோனாவில் ஒரு மலையே காணாமல் போய்விட்டது. எல்லாம் டிரெய்லரின் முன்பக்கத்தில் கட்டிலுக்கு அடியில் இருந்தன. கொஞ்சம் என்றுதான் அவர் சொன்னார். நான் எல்லாவற்றையும் எடுத்து பின்பக்கச் சுவர் ஓரம் வைத்தேன். இரும்பு வாணலிகள், டின்னில் அடைத்த பீன்ஸ், அவருடைய கருவிப் பெட்டி எல்லாம் அதே இடத்துக்குப் போயின. பின்னால் இருக்கிற தண்ணீர்த் தொட்டியையும் நிரப்பினேன். எனக்கும் இடுப்பு வலிதான். ஆனாலும் ஒரு வேலையைத் தொட்டால் முடிக்காமல் விட மாட்டேன்.

மறுநாள் மாட்டினோம். சிவப்பு வண்டி நேராக நின்றது. நாற்காலிக்காரர்கள் எழுந்து வந்தார்கள். ஒருவர் கொத்தனார் மட்டம் பார்க்கிற ரசமட்டம் கொண்டுவந்து பிக்கப்பின் மேல் வைத்துப் பார்த்தார். குமிழி நட்ட நடுவில் நின்றது. கிழவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். டெல்பர்ட்டின் நெஞ்சு டிரெய்லர் அகலத்துக்கு விரிந்துவிட்டது. வண்டி சமமாக நின்றால் கொக்கி சரியாக இருக்கிறது என்பது அவர்கள் வேதம். அதை மீறிச் சந்தேகப்பட்டவர் ஹாய்ட் ஒருவர்தான். லாரி நிறுத்தத்தில் பெரிய எடைமேடை இருக்கிறதே, போகிற வழியில் ஏற்றிப் பார்த்துவிடு என்றார். ரசமட்டமே சொன்ன பிறகு எடைமேடை எதற்கு என்று மற்றவர்கள் அவரை உட்கார வைத்துவிட்டார்கள். டெல்பர்ட்டுக்காக அவர் ஒருவர்தான் கவலைப்பட்டார். அவரைப் பற்றி நீங்கள் எழுதினால் நல்லவிதமாக எழுதுங்கள்.

டெல்பர்ட்டிடம் ஒரு குட்டித் தராசு உண்டு. கிளம்புகிற தினத்தன்று நாக்குக்கு அடியில் வைத்துப் பாரம் பார்ப்பார். அவருக்கு முட்டி மடங்காது, முள்ளும் தெரியாது. மண்டி போட்டுப் படிப்பது எப்போதும் நான்தான். பாலைவன முகாமுக்குக் கிளம்பிய அன்றைக்கும் படித்தேன். முள் ஏறத்தாழ ஏறவே இல்லை. எவ்வளவு இருக்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம்; பதினோரு வருஷம் காதில் ஓதினால் சுவருக்குக்கூட மனப்பாடம் ஆகும். அந்த எண்ணைச் சொன்னேன். “சமத்து” என்று என் தோளில் தட்டிக்கொடுத்தார்.

நான் நினைத்தது என்னவென்றால், பாலைவனத்துக்கு இறங்குகிற அந்த நீளச் சரிவில் டிரெய்லர் வாலாட்டும், கழன்று ஓரமாகப் போய்ப் படுத்துக்கொள்ளும், டெல்பர்ட் இறங்கி நின்று தலையைச் சொறிவார். அப்புறம் நாங்கள் ஒரு வீடு பார்ப்போம். கழன்று போகாமல் இருக்கச் சங்கிலி மாட்டியிருக்குமே என்று கேட்கிறீர்கள். மாட்டியிருந்தது. இரண்டு சங்கிலி, குறுக்காக. நான்தான் மாட்டினேன். சாலை விதி என்று ஒன்று இருக்கிறதே.

அன்று காலை பல் வலி என்று சொல்லிவிட்டு ஹாய்ட்டின் மனைவி ரொவீனாவின் காரில் முன்னதாகக் கிளம்பிவிட்டேன். கீழே ஊரில் ஒரு பல் வைத்தியரைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் பாலைவன முகாமில் சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. என் வாயில் சொந்தப் பல் ஒன்றுகூடக் கிடையாது. அது டெல்பர்ட்டுக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அவர் காதில் ரசமட்டத்தின் கைதட்டல்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

வழியில் ரொவீனா காபி வாங்க இறங்கினாள். நான் காரில் இருந்தேன். அப்போது டெல்பர்ட் போனில் கூப்பிட்டார். எப்போது, எவ்வளவு நேரம் என்பது உங்கள் தாள்களில் இருக்கும். பேசியது அவற்றில் இருக்காது. அதைச் சொல்லத்தான் நானாகவே வந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. எல்லோரும் எனக்குக் குழம்பும் கேக்கும் கொண்டுவந்து கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள். அதுவும் களைப்பாக இருக்கிறது.

சரிவு தொடங்குகிற இடத்துக்கு முன்னால், பிரேக்கைச் சரிபார்க்கிறவர்களுக்காக ஓரத்தில் அகலமாக இடம் விட்டிருப்பார்கள். அங்கே நிறுத்திவிட்டுப் பேசினார். அவர் குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்லை. சின்னப் பையன் குரல்.

“அர்வி, சமதரையிலயே வாலாட்டுது. ரெண்டு வாட்டி பக்கத்துப் பாதைக்கே இழுத்துட்டுப் போயிடுச்சு. கல்லை எங்க வெச்ச? இறக்கிப் போட்டுட்டுப் போயிடவா?”

கற்களை இறக்கிப் போட்டுவிடவா என்று அவர் கேட்டார், அதிகாரி. அந்தக் கற்களை.

டிரெய்லர் வாலாட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று ஹாய்ட் எங்கள் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். வேகத்தைத் தானாகக் குறைய விட வேண்டும். டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் அழுத்த வேண்டும். என்ன ஆனாலும் வேகத்தைக் கூட்டக் கூடாது. கூட்டுகிறவர்களை ஹெலிகாப்டரில்தான் எடுத்துக்கொண்டு போவார்கள் என்பார். டெல்பர்ட் அந்த நேரத்தில் வேறு யாருக்காவது கொக்கியைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்திருப்பார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எதிர்க் கடையில் ரொவீனா இரண்டு கையிலும் காபியோடு முதுகால் கதவைத் தள்ளிக்கொண்டிருந்தாள். சின்ன ஊர். கடைக்கு மேலே ஒரு வீடு, அதன் ஜன்னலில் துவைத்த திரைச்சீலை. அது இன்றைக்கும் அங்கேதான் இருக்கும், நாளைக்கும் அங்கேதான்.

“கல்லெல்லாம் இருக்கிற இடத்துலதான் இருக்கு, டெல். அது காத்து. மேல எப்பவும் காத்துதானே? சரிவுல இறங்கறப்போ கொஞ்சம் வேகமா அழுத்திப் போ, தானா நேராயிடும்” என்றேன்.

“அப்படிங்கறியா?” என்றார்.

“ஒண்ணும் ஆகாது” என்றேன்.

நன்றி சொன்னார். நான் கூட இருந்திருந்தால் இவ்வளவு பயம் வந்திருக்காது என்றார். அப்புறம் எஞ்சின் உறுமுகிற சத்தம் கேட்டது.

சரிவின் பாதியில் தடுப்பைத் தாண்டிப் பள்ளத்துக்குள் போயிருக்கிறது, சிவப்பு வண்டியும் டிரெய்லரும் சேர்ந்தே. சங்கிலிகள் விடவில்லை. வேறு யாருக்கும் காயம் இல்லை என்று கேட்டபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வழியில் எப்போதும் பள்ளிக்கூடப் பேருந்துகள் போகும். அதை நான் யோசித்துத்தான் வைத்திருந்தேன். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துக் கிளம்பச் சொன்னேன்.

இன்னும் ஒன்று விட்டுப்போயிற்று. போனை வைப்பதற்கு முன்னால் “பத்திரமா போ, டெல்” என்று சொன்னேன். அதைக் கண்டிப்பாக எழுதுங்கள். டிரெய்லர்தான் எனக்குப் பிடிக்காதே தவிர, அவர் மேல் எனக்குக் கடைசிவரை அக்கறை இருந்தது.