சாய்ந்து படுத்தால் அல்வா

தச்சநல்லூர் பேருந்தில் எனக்கு முன்னால் இருந்தவர், மேல்கையில் ஒட்டியிருந்த சர்க்கரை அளவைப் பார்த்துப் போனுக்குச் சொல்லும் கருவியைத் தொட்டுக் காட்டினார்.

"இதுமேல சாஞ்சு படுத்தா அல்வா கிடைக்கும்வே."

"எப்படி?" என்றார் பக்கத்து நண்பர்.

"அழுத்துனா, சர்க்கரை இறங்கிட்டுன்னு போன் பொய்யாக் கத்தும். எம்பொண்டாட்டி பதறி ஒரு துண்டு ஊட்டிருவா."

"விரல்ல குத்திப் பாத்துட்டுல்லா திங்கணும்?"

"பாத்தா அல்வா போயிருமே! நம்ம புத்தி அப்படி."

அப்போது போன் கத்தியது.

"சன்னல்ல சாயாதேயும்வே."

"சாயலவே. நிமிந்துதான் இருக்கேன். கை நடுங்குது, கண்ணு இருட்டுது."

நண்பர் அவசரமாகப் பையைத் துழாவி, ஒரு கைப்பிடி புளிப்பு மிட்டாயைப் பிரித்து நீட்டினார். அவர் கடித்து மென்றபடி முனகினார்.

"பொய்க்கெல்லாம் அல்வா தின்னேன். நெசமா இறங்குன அன்னைக்குப் புளிப்பு மிட்டாய்!"